அலையோசை யாருக்குத் தாலாட்டு?

பசறை நகரத்தில் வீதி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று லுணுகலை, பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடிக்குப் போகிறது. அங்கிருந்து மட்டக்களப்பு கூப்பிடு தூரம். மற்றது மொனராகலைக்கு இறங்கி, சியம்பலாண்டுவையைத் தாண்டிப் பொத்துவில் கரையில் கொண்டுபோய் விடுகிறது. எந்த வீதியைப் பிடித்தாலும் கடைசியில் கடல்தான். ஆனால் நமுனுகலை மலையடியில் பிறந்து, அதே மலையில் கொழுந்தெடுத்து வயதான எங்கள் தோட்டத்துப் பெரியவர்களில் பலர் கடலை வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோதான் பார்த்திருக்கிறார்கள்.

போன ஆடி மாதம் சிறிய ஒலிப்பதிவுக் கருவியொன்றையும் இரண்டு ஒலிவாங்கிகளையும் தோள்பையில் போட்டுக்கொண்டு முதலில் கிழக்குக் கரையிலுள்ள உகந்தைக்கும் பிறகு திருகோணமலைக்கும் போனேன். கடல் பாறையில் மோதும் ஓசையை நல்லபடியாகப் பதிந்துவந்து, தூக்கம் வராமல் புரளும் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டவேண்டும் என்பதுதான் எண்ணம். நாற்பது வருடம் கொழுந்து பறித்த கைகள் இப்போது இரவில் மரத்துப்போகின்றன. மூன்று மணிக்கே அவருக்கு விழிப்புத் தட்டிவிடும். திரும்பி வந்த அன்றிரவே போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டவர், "என்னாப்பா இது, நம்ம சவுக்குக் காட்டுல காத்தடிக்கிற மாதிரியில்ல இருக்கு?" என்றார்.

அவர் சொன்னது சரி. தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரங்களில் காற்று புகும்போதும், அலை உடைந்து நுரைக்கும்போதும் பிறப்பது ஒரே வகை ஓசை. தாழ்ந்த முழக்கத்திலிருந்து மெல்லிய சீறல்வரை பல மீடிறன்கள் ஒன்றாகக் கலந்து, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். நல்ல மழைக்காலத்தில் துன்ஹிந்த அருவியும் 64 மீற்றர் உயரத்திலிருந்து அப்படித்தான் விழுகிறது. ஏற்ற இறக்கம் மட்டும் அதில் குறைவு. மலையில் இருப்பவருக்குக் கடலோசை அந்நியமில்லை. அப்படியானால் கடலோரப் பாறையில் ஒருவர் எதைப் பதியப் போகிறார்? அமைதியையா, அந்த இடத்தையா? இந்தக் கேள்வியோடுதான் பலரும் எழுதியதைப் படித்தேன், பல பதிவுகளைக் கேட்டேன். எனக்குக் கிடைத்த விடை, அமைதி ஓசைக்குள் இருப்பதில்லை, கேட்பவரின் நினைவுக்குள்ளும் பாதுகாப்புக்குள்ளும் இருக்கிறது என்பதுதான். பதிபவர் தரக்கூடியது இடத்தை மட்டுமே. அதை அவர் உண்மையாகத் தரவேண்டும்.

தமிழ் மரபு இதில் தெளிவாகவே இருக்கிறது. ஐந்திணையில் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அதன் உரிப்பொருள் இரங்கல். குறிஞ்சிக்குப் புணர்தலும் முல்லைக்கு இருத்தலும் வைத்த நம் முன்னோர், கடற்கரைக்கு அழுகையைத்தான் வைத்தார்கள். பிரிந்துபோனவன் வராத இரவில், ஊரே உறங்க அலை மட்டும் உறங்காமல் கிடப்பதும் அந்த ஓசையால் தலைவியும் உறங்காமல் கிடப்பதும் நெய்தல் பாட்டுகளில் மறுபடி மறுபடி வரும். நெய்தல் என்ற சொல்லுக்கே சாப்பறை என்றும் ஒரு பொருள் உண்டு. அலையோசை தூங்கவைக்கும் என்பதை உலகம் முழுவதற்கும் பொதுவான உண்மைபோல் இன்று சொல்கிறார்கள். நம் பழைய கவிஞர்கள் அதைத் தூக்கம் கெடுக்கும் ஓசையாகவே கேட்டார்கள்.

அலையோசையை வீட்டுக்குள் கொண்டுவந்து விற்கும் பழக்கத்துக்கு வயது அதிகமில்லை. 1969இல் நியூயோர்க்கில் இர்வ் டைபல் என்பவர் இயற்கை ஓசைகளை இசைத்தட்டாக வெளியிடத் தொடங்கினார். முதல் தட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கடற்கரை. பல கரைகளுக்கு நாடாப்பதிவுக் கருவியோடு அலைந்தார். பதிந்ததை வீட்டில் போட்டுக் கேட்டால் கடல் கடலாகவே இல்லை. கடைசியில் புரூக்ளினின் பிரைட்டன் கரையில் எடுத்த பதிவொன்றை, லூயிஸ் கெர்ஸ்ட்மன் என்ற உளவியலாளரின் உதவியோடு ஐபிஎம் கணினியில் ஏற்றி, மாற்றியமைத்த பிறகே அவருக்கு மனம் நிறைந்தது. அமைதி தரும் கடலோசை என்று உலகம் முதன்முதலில் விலைகொடுத்து வாங்கியது பாதி கடலும் பாதி கணினியுமான ஓர் ஓசையை. தட்டு நன்றாக விற்றது, தொடராகவும் வளர்ந்தது. இன்று கைத்தொலைபேசியில் பத்து மணி நேரம் ஓடும் அலைகள் அதன் வாரிசுகள். அவற்றில் பலவற்றுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. சில நிமிடப் பதிவொன்றை முனையோடு முனை ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்கள். கூர்ந்து கேட்டால் அதே அலை அதே இடத்தில் மறுபடி உடைவது பிடிபட்டுவிடும். பிடிபட்ட பிறகு அந்த இடத்துக்காகவே காது காத்திருக்கும். தூக்கம் போய்விடும்.

கடல் ஏன் ஓசை எழுப்புகிறது என்பதை அறிந்தால் பாறையின் அருமை விளங்கும். தண்ணீர் தண்ணீரில் உரசுவதால் எழும் சத்தம் சிறிது. பெரும்பகுதி காற்றுக்குமிழிகள் எழுப்புவது. மார்சல் மினார்ட் என்ற வானியலாளர் 1933இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்: தண்ணீருக்குள் அகப்பட்ட குமிழி சிறு மணிபோல அதிர்கிறது, பெரிய குமிழிக்குத் தாழ்ந்த சுரம், சிறிய குமிழிக்கு உயர்ந்த சுரம். ஒரு மில்லிமீற்றர் ஆரமுள்ள குமிழி ஏறத்தாழ 3,300 ஹேர்ட்ஸில் ஒலிக்கும். ஒரு சென்ரிமீற்றர் என்றால் 330 அளவில். ஓர் அலை உடையும்போது இப்படி எண்ணற்ற மணிகள் ஒன்றாக அடிக்கின்றன.

மணல் கரையில் அலை படிப்படியாகச் சாய்ந்து நுரையாகப் பரவுவதால் சிறு குமிழிகளின் சீறல் மேலோங்கும். பாறையில் அப்படியில்லை. முதலில் ஒரு குத்து. பாறை இடுக்கில் அகப்பட்ட காற்று நசுங்கி வெளியேறும்போது நெஞ்சில் கை வைத்ததுபோல ஒரு முழக்கம். பிறகு, மேலே ஏறிய நீர் பிளவுகள் வழியாக ஒழுகி இறங்கும் சலசலப்பு. அடுத்த அலை வருவதற்குள் ஒரு வெறுமை. எனக்குப் பிடித்தது அந்த வெறுமைதான். தென்கரையில் குடாவெல்லைக்கு அருகே பாறைத் துளையொன்றின் வழியாகக் கடல் பீறிட்டெழுகிறது. நீர் எழும்புவதற்கு முன் துளைக்குள் காற்று ஊதும் 'ஹூ' என்ற சத்தத்தால் அதற்கு ஹும்மானய என்று பேர் வந்தது. ஊரார் கண்ணைவிடக் காதை நம்பி இட்ட பேர் அது.

உகந்தையில் முருகன் கோயிலுக்குப் பின்னால் பாறைகள் நேராகக் கடலுக்குள் இறங்குகின்றன. முருகன் கல்லோடத்தில் வந்திறங்கிய இடம் என்று காட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்துபோகும் அடியார்கள் காட்டுக்குள் நுழைவதற்கு முன் கடைசியாகத் தங்குவதும் இங்கேதான். அதிகாலை நாலரைக்கு ஒரு தட்டைப் பாறையில் ஒலிவாங்கிகளைச் சாணளவு இடைவெளியில், காதுகள் பார்ப்பதுபோல் இருபக்கமும் விலக்கி நிறுத்தினேன். தெற்கே வெகுதூரத்தில் பிறந்து வரும் நீளமான அலைகள் ஆடியில் இந்தக் கரையைத் தொடும். அறுகம்குடாவுக்கு உலகெங்குமிருந்து அலைச்சறுக்கு வீரர்கள் வருவதும் இவற்றைத் தேடித்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு ஆறு அலை. சில நிமிடங்களில் ஐந்து.

ஆறு என்ற எண் சிறியது என்றாலும் முக்கியமானது. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவரது குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், செபமாலை சொல்பவர்களின் மூச்சும் மந்திரம் ஓதுபவர்களின் மூச்சும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவுக்கு இறங்குவதையும், அந்த வேகத்தில் இதயத் துடிப்பின் தாளம் சீராவதையும் கண்டார்கள். ஓய்வாக இருக்கும்போதுகூட நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சு விடுகிறோம். நீளமான அலையோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் மூச்சு தானாக நீள்வதை நானே உணர்ந்தேன். குறுகிய, அவசர அலைகள் அடிக்கும் கரையில் அப்படி நடக்கவில்லை. கடலென்றாலே அமைதி என்று பொதுவாகச் சொல்பவர்கள் எந்தக் கடல், எந்த மாதம் என்று சொல்வதில்லை.

மருத்துவ ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 1992இல் அமெரிக்காவில், இதய அறுவைச் சிகிச்சை முடிந்த 60 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இரவில் கடலோசை கேட்கவைத்துப் பார்த்தார்கள். கேட்டவர்கள் ஆழமாகத் தூங்கியதாகவும், விழித்தாலும் மறுபடி தூக்கம் வந்ததாகவும் சொன்னார்கள். படுத்தவுடன் தூக்கம் பிடிப்பதில் மட்டும் வித்தியாசம் இல்லை. இதிலிருந்து எனக்குப் புரிவது, ஓசை ஆளை உறங்க வைத்தது என்பதைவிட, மருத்துவமனையின் திடீர்ச் சத்தங்களை மூடி மறைத்தது என்பதே. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பழைய லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எட்டாது. அடுத்த காம்பராவின் இருமலும் குழந்தையின் அழுகையும் சுவருக்கு மேலாக ஏறி நம் பாய்க்கே வந்துவிடும். அதை மூடும் எந்தச் சீரான ஓசையும் அங்கே வரம்தான்.

ஸ்ரொக்ஹோம் பல்கலைக்கழகத்தார் 2010இல் செய்த சோதனையில், மனநெருக்கடிக்குப் பிறகு இயற்கை ஓசை கேட்டவர்களின் தோலில் பதற்றத்தின் அறிகுறி வேகமாகத் தணிந்தது. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தில் அத்தகைய தெளிவான மாற்றம் தெரியவில்லை. ரேச்சல் பக்ஸ்டனும் கூட்டாளிகளும் 2021இல் இத்தகைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மனநிலைக்கும் உடல்நலத்துக்கும் நீரோசையும், எரிச்சலும் நெருக்கடியும் தணியப் பறவையோசையும் அதிகம் உதவுவதாக எழுதினார்கள். நன்மை இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் இந்த ஆய்வுகளைச் செய்தவை பெரும்பாலும் வசதியான நாடுகள். தண்ணீர் தங்கள் வீட்டை அடித்துக்கொண்டு போகாதவர்களிடம் கேட்டுத் தண்ணீர் இனிது என்று முடிவுசெய்யலாம். நம் நாட்டில் அந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

2004 டிசெம்பர் 26 காலை கிழக்குக் கரையில் இருந்தவர்களைக் கேளுங்கள். இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரை அன்று கடல் கொண்டுபோனது. கல்முனை, மருதமுனை, நாவலடி என்று கரையோர ஊர்கள் எல்லாம் சிதைந்தன. அதற்குப் பிறகு வருடக்கணக்காகக் கடல் பக்கத்துச் சன்னலைத் திறக்காமல் படுத்தவர்களைத் தெரியும். எங்கள் பக்கம் 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அதற்குமுன் தகரக் கூரையில் மழை விழும் ஓசையைக் கேட்டால் எங்களுக்குக் கண் சொக்கும். இப்போது பெருமழை இரவுகளில் மலையோரத்து லயங்களில் யாராவது ஒருவர் விழித்தே இருக்கிறார். மழையோசையும் உலகச் சந்தையில் தூக்க மருந்தாக விலைபோகிறது என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

பெரியம்மா கதையும் அங்கேதான் போய் முட்டியது. சவுக்குக் காற்றுப்போல இருக்கிறது என்று சொன்னவர், பதிவு கொஞ்சம் போனதும் எழுந்து உட்கார்ந்தார். "நிப்பாட்டு தம்பி. தலமன்னாருல கப்பலுக்கு நின்னப்ப இதே சத்தம்தான்." 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எழுபதுகளில் அவருடைய அண்ணன் குடும்பம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. பதுளையில் ரயிலேறி, தலைமன்னார்வரை கூடவே போய் வழியனுப்பினார். கப்பல் போன பிறகும் இறங்குதுறைப் பாலத்தில் அலை அடித்துக்கொண்டே இருந்ததாம். 1984இல் அந்தக் கப்பலும் நின்றது. அண்ணனை அவர் பிறகு பார்க்கவில்லை. எத்தனையோ மலைநாட்டுத் தமிழர் குடும்பங்களுக்குக் கடலோசை என்பது ஒரு பிரிவின் ஓசை. நெய்தலுக்கு இரங்கலை வைத்தவர்கள் எங்களையும் அறிந்தே வைத்தார்கள்போல.

ஆகவே பதிபவரின் வேலை, கேட்பவரின் மனதைத் தானே முடிவுசெய்துகொண்டு கடலைத் துடைத்து மெருகேற்றுவதாக இருக்கக்கூடாது. திருகோணமலைச் சுவாமிமலையில் இது எனக்கு நன்றாக உறைத்தது. கடலிலிருந்து ஏறத்தாழ 130 மீற்றர் செங்குத்தாக எழும் பாறை. இராவணன் வெட்டு என்று சொல்லும் பிளவின் ஓரத்தில் நின்றால் கீழே அலை பாறையை அறைவது தெரிகிறது. சத்தமோ கண்ணுக்குப் பின்னால் தாமதமாக, மெத்தென்று வந்து சேர்கிறது. கீச்சுச் சத்தங்களைத் தூரமும் காற்றும் தின்றுவிடுவதால் முழக்கம் மட்டும் மேலேறும். உகந்தையில் பாறையோடு ஒட்டிக் கேட்ட கடலும் இங்கே உயரத்திலிருந்து கேட்கும் கடலும் இருவேறு கடல்கள். இடையிடையே கோணேசர் கோயில் மணி. தூரத்தில் மீன்பிடிப் படகொன்றின் இயந்திரம். மணியையும் இயந்திரத்தையும் வெட்டியெறிந்தால் தூய கடல் கிடைக்கும் என்றார் கூட வந்த நண்பர். நான் வெட்டவில்லை. 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்கள் இந்தப் பாறையடியில்தான் கடலுக்குள் கிடக்கின்றன. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் முக்குளித்து அவற்றைப் பார்த்தார்கள். அந்த மணி இல்லாத சுவாமிமலைக் கடல் வேறு ஏதோ ஒரு நாட்டுக் கடல்.

ஓர் ஓசையை அதன் ஊரோடு சேர்த்துக் காப்பாற்றியதற்கு நம் கிழக்கிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன். இலங்கையின் குடியேற்ற அரசுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ட் 1848இல் நிலவொளியில் படகேறிப் போய்க் கேட்டு, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்ப்பதுபோன்ற நாதம் என்று 1859இல் வந்த தன் நூலில் எழுதினார். ஊரார் அவரிடம் கொண்டுவந்து காட்டியது மீனை அல்ல, சிப்பியை. எந்த உயிர் பாடுகிறது என்ற வாதம் ஒருபக்கம் இருக்க, இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிந்த நாதம் 1960களில் இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று மேடைதோறும் சொல்கிறோம். அதற்குச் சாட்சியாகக் காதில் விழக்கூடிய ஒன்றை வைத்தவர் அவர். வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலத்தடியில் இன்று வாகன இரைச்சலை மீறி அதைக் கேட்பது கடினம்.

வெளிநாடுகளிலும் இப்படிச் செய்திருக்கிறார்கள். ஜப்பான் சுற்றாடல் துறை 1996இலேயே காக்கவேண்டிய நூறு ஒலிக்காட்சிகளை நாடு முழுவதும் தேர்ந்து பட்டியலிட்டது. பிரித்தானியாவில் 2015இல் தேசிய நூலகமும் மரபுக் காப்பு அமைப்புகளும் சேர்ந்து, கரையோர ஓசைகளைப் பதிந்து அனுப்பும்படி பொதுமக்களையே கேட்டு ஒலி வரைபடம் செய்தன. இரண்டிலும் ஓசையோடு இடத்தின் பேர் ஒட்டியிருந்தது.

பதியப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில. பாறையில் முதல் எதிரி காற்று. ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை போதாது, மயிருறையும் வேண்டும். கிழக்குக் கரையில் விடியலுக்குமுன் தரைக்காற்று மெல்லக் கடலை நோக்கிப் போகும்; அந்த நேரம்தான் நல்லது. கைத்தொலைபேசியில் பதிந்தால் அது பெரிய அலையைத் தானாக அமுக்கி, இடைவெளியைத் தானாகத் தூக்கிவிடும். அமைதிக்கு உயிரான அந்த வெறுமை செத்துப்போகும். தானியங்கி ஒலியளவை நிறுத்தக்கூடிய கருவி சின்னதாக இருந்தாலும் போதும். பாசி பிடித்த பாறையில் தனியாக இறங்கவேண்டாம். பத்து அலை சிறிதாக வந்தால் பதினோராவதும் சிறிதாக வரும் என்று கடல் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

கடலுக்குப் போக முடியாத பசறைக்காரருக்கும் இதில் பங்குண்டு. ஆடி, ஆவணியில் நமுனுகலையைத் தாண்டி இறங்கும் கச்சான் காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு வெறும் வறட்சியாக வருகிறது. ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் கிடைப்பது அந்தக் காற்றில்தான். எங்கள் சவுக்குகளை ஆட்டிவிட்டு அதே காற்று பிபிலைக் காடுகளைக் கடந்து மட்டக்களப்புக் கரையில் கடலுக்குள் இறங்குகிறது. நான் உகந்தையில் பதிந்த காற்று முந்தைய இரவு எங்கள் லயத்துக் கூரைமேல் போனதாகவே இருக்கலாம். ஒரு வாரம் கழித்து, தோட்டத்து மேல்மலைச் சவுக்குகளுக்கு அடியில் அரை மணி நேரம் பதிந்து பெரியம்மாவிடம் கொடுத்தேன். நடுவில் ஒரு நாய் குரைக்கிறது, கொழுந்து லொறி ஒன்று ஏறுகிறது. எதையும் அழிக்கவில்லை. மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் இப்போது அதைத்தான் போட்டுக்கொள்கிறார்.

கடலோரப் பாறையானாலும் சவுக்கு மேடானாலும், பதியப் போகும் இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். பதிவின் முதல் பத்துச் செக்கனுக்குள் இடத்தின் பேர், நாள், நேரம், காற்றின் திசை நான்கையும் உங்கள் சொந்தக் குரலில் சொல்லிவிடுங்கள். ஒரு பிரதியை நூலக நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். என் முதல் பதிவு இப்படித் தொடங்குகிறது: உகந்தை, கோயிலுக்குப் பின்பாறை, ஆடி மாதம், அதிகாலை நாலு நாற்பது, கச்சான் மெதுவாக.